கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்து இடம்

எனக்குக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தவர் பாம்பனிலிருந்து மதுரைக்குக் கருவாடு கொண்டுபோகும் ஓர் அம்மாள் என்று என் அய்யா கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்வார். மார்க்கு வாங்கியவள் நான், மனுப் போட்டவள் நான், பட்டியலில் வந்தது என் பெயர். பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் அந்த அம்மாள். படித்த காலத்தில், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நம்பிக்கை எப்படி முளைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரி இருந்த ஊர், ராமேசுவரத்திலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் பாதையில் ராமநாதபுரத்தைத் தாண்டி இருக்கிறது. ஊர்ப்பெயர் வேண்டாம். இன்று அந்தக் கல்லூரி மூன்று மாடியும் அலங்கார வளைவுமாக நிற்கிறது. அது தவழ்ந்த காலத்துக் கதையைச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்துவானேன். அறுபதுகளில் அதற்கு நாலு ஓட்டுக் கட்டடமும் இரண்டு வேப்பமரமும் ஒரு மணியும் இருந்தன. மற்றதெல்லாம் மதுரையில் இருந்தது. ஆசிரியர்களில் பாதிப்பேர் மதுரைக்காரர்கள். வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை வண்டியில் வருவார்கள். அதனால் திங்கட்கிழமை மட்டும் எங்கள் கல்லூரி மணி கடிகாரத்தைப் பார்த்து அடிக்காது, ரயிலைப் பார்த்து அடிக்கும். புத்தகம் மதுரையிலிருந்து வரவேண்டும், சாக்பீஸ்கூட அங்கிருந்துதான் வரவேண்டும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதொன்றும் புதிதில்லை. பிள்ளைப்பேறு சிக்கலானால் மதுரை, கண் மங்கினால் மதுரை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கலெக்டர் ஆபீசே அன்றைக்கு மதுரையில்தான் இருந்தது. அந்த வரிசையில் படிப்பும் சேர்ந்துகொண்டது.

நான் பி.யூ.சி. முடித்த வருஷம் கல்லூரியில் விலங்கியல் பட்டப்படிப்பு தொடங்கினார்கள். ஆய்வுக்கூடத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை வரவில்லை. கூரை வரும்வரை மதுரையில் ஒரு பெரிய கல்லூரி தன்னுடைய ஆய்வுக்கூடத்தைச் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கே எங்களுக்கு ஒதுக்கியது எட்டு மேஜை. ஆகையால் எங்கள் ஊரில் விலங்கியலுக்கு எட்டு இடம்.

அந்த எட்டில் ஒன்று எனக்குக் கிடைக்குமா என்பதுதான் அந்த ஜூன் மாதம் முழுக்க அய்யாவின் பேச்சு. அவர் முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற சம்சாரி. பெண்ணைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்துவிட்டார். அதை எப்படிச் செய்வது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. சான்றிதழ்களை மதுரைக் கல்லூரியிலும் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை இரண்டுபேரும் ரயிலுக்குப் போனோம். எல்லாப் பெட்டியிலும் கூட்டம். கடைசிப் பெட்டியில் மட்டும் ஒரு பலகையில் ஒரு பெரிய ஓலைக்கூடையும், பக்கத்தில் ஓர் அம்மாளும், அவரைச் சுற்றி மூன்று பேர் உட்காரும் அளவுக்கு வெறும் பலகையும் இருந்தன. வாடை அப்படி.

அய்யா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தன் கவலையைப் பொதுவாகக் காற்றிடம் சொன்னார்.

“எடம் கிடைக்குமான்னு தெரியலையே.”

அந்த அம்மாள் திரும்பினார். “யாருக்கு எடம்?”

“எம்மகளுக்குத்தேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மதுரைக்குப் போய்ப் படிக்கிற படிப்பு. எடம் கெடைச்சாத்தானே போகமுடியும்?”

“இதுக்குத்தேன் இம்புட்டு ரோசனையா? எடம் நான் புடிச்சுத் தாரேன்.”

அய்யா நிமிர்ந்துவிட்டார். “நீங்களா?”

“ஏன், நான் புடிச்சா ஆகாதா? வாரத்துக்கு நாலு பேருக்காச்சும் புடிச்சுக் குடுக்கிறேன். போன வாரங்கூட ஒரு வாத்தியாருக்குக் குடுத்தேன்.”

“வாத்தியாருக்கேவா!”

“பாவம், அந்த மனுசன் பரமக்குடியிலருந்து நின்னுக்கிட்டே வந்தாரு.”

அய்யா குரலைத் தாழ்த்தினார். “இதுக்கு நாங்க என்ன குடுக்கணும்?”

“எடத்துக்கு யாராச்சும் துட்டு வாங்குவாகளா? நல்ல ஆளா இருக்கீகளே!”

அய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாடைக்குப் பயந்து ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். இடையிலே புகுந்து விளக்க எனக்கு மூச்சு இல்லை. பத்து நாளில் கல்லூரிப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். எட்டில் ஏழாவது என் பெயர்.

“அந்தம்மா சொன்னாச் சொன்னதுதேன்” என்றார் அய்யா.

அவர் சொன்னது ரயிலில் உட்காரும் இடத்தை, காலேஜ் இடத்தை இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அய்யா என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

“நீ சும்மா இரு. பெரிய எடத்துப் பழக்கம் உள்ளவுக வெளிய காட்டிக்கிற மாட்டாக.”

அந்த அம்மாளுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கறுத்து, உயரமாக இருப்பார், கூடை சுமந்து சுமந்து கழுத்து மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பருத்திருக்கும். செவ்வாய், சனி இரண்டு நாளும் பாம்பனில் ஏறுவார். மதுரையில் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பகல் வண்டியில் திரும்பிவிடுவார். வைத்திருந்தது எல்லாம் ஒரு கூடை, அதை மூட ஒரு சாக்கு, ஒரு பழைய சிவப்புத்துணி. அந்தத் துணிதான் அவருடைய ஆட்சி. ஏறியதும் கூடையைத் தூக்கிப் பலகையில் வைப்பார். வாடைக்குப் பயந்து நாலு பேர் விலகுவார்கள். விலகிய இடத்தில் துணியை விரிப்பார். “எடம் போட்டாச்சு” என்பார். அதற்குப் பிறகு அங்கே தாசில்தார் வந்தாலும் உட்கார முடியாது.

யாருக்காகப் போடுகிறார் என்பது போடும்போது அவருக்கே தெரியாது. வழியில் யாராவது வருவார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணி, புரைக்கண்ணில் கட்டுப்போட்டுக்கொண்டு கண்ணாடி வாங்கப் போகிற வயசாளி, உப்பூரிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு அலைகிற பெண் என்று நான் பார்த்த முகங்களே நூறு இருக்கும். கொழுத்த ஆள் ஒருவர் ஒருமுறை துணியைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தார்.

“அது ஆளிருக்கிற எடம்” என்றார் இவர்.

“எங்க ஆளு? காணமே?”

“வந்துக்கிட்டு இருக்கு. நீரு பாக்காதது என் குத்தமா?”

அடுத்த ஸ்டேஷனில் கைத்தடியோடு ஒருவர் தடவித் தடவி ஏறினார். “இந்தா, வந்துருச்சுல்ல” என்று அந்த ஆளிடம் ஜெயித்த முகத்தோடு காட்டினார். இருவரையும் முன்பின் தெரியாது அவருக்கு.

அவர் பெயரும் எனக்குத் தெரியாது. “பெரியாத்தா” என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை “ஏத்தா” என்பார், “தாயி” என்பார். பெயர் கேட்க வேண்டும் என்று மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. என் வெட்கங்களில் இது ஒன்று. இன்னொன்று பின்னால் வருகிறது.

அய்யா என்னை விலங்கியலில் சேர்த்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “உக்கார எடம் கெடைச்சா மதுரைக்குப் போ. ஆம்பளைக நடுவுல நின்னுக்கிட்டு மூணு மணிநேரம் போற படிப்பு நமக்கு வேணாம்.” இதை மேற்பார்வை செய்யும் பொறுப்பு மாமாவுக்கு. நான் கல்லூரிக்காக அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். மாமா அத்தையின் வீட்டுக்காரர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சனிக்கிழமை காலை என்னைச் சைக்கிளில் பின்னால் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவார். நான் ஏறியதும் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்ப்பார். உட்கார்ந்திருந்தால் தலையாட்டுவார். நின்றால் இறக்கிவிடுவார். சர்க்கார் உத்தியோகஸ்தர், விதி என்றால் விதி.

முதல் சனிக்கிழமை நான் கருவாட்டுப் பெட்டியே வேண்டாமென்று பெண்கள் பெட்டிக்கு ஓடினேன். அதை ராமேசுவரத்திலேயே வடக்கத்தி யாத்ரீகர்கள் மூட்டை முடிச்சுகளோடு நிறைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்து ஒரு தகரப்பெட்டி மேல் ஒற்றைக்காலில் நின்றேன். மாமா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கூடப் படிக்கும் ஏழு பையன்களும் வாசற்படியில் தொங்கிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். நான் மாமா சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷத்திலும் சேர்த்துச் செய்முறை வகுப்பு மூன்று தவறினால் பரீட்சைக்கு அனுமதி இல்லை என்று திங்கட்கிழமை பேராசிரியர் சொன்னார். முதல் வாரத்திலேயே ஒன்று போய்விட்டது. அன்று முழுக்க அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை வண்டி வந்து நிற்கும்போதே கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புத்துணி ஆடியது.

“ஏத்தா, இங்கன! இங்கன வா! போன வாரம் எடத்தைப் போட்டு வச்சிக்கிட்டு ஆளக் காணாமத் தேடுனேன். உங்கய்யாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்ல?”

என்னை ஜன்னலோரம் தள்ளினார். எனக்கு அடுத்து அவர். அவருக்கு அடுத்து, ஆண்கள் பக்கம், கூடை. அந்தக் கூடையைத் தாண்டி என் பக்கம் ஒரு கண்கூட வராது. மாமா எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, தலையாட்டினார். விதியில் வாடையைப் பற்றி ஒன்றும் இல்லை.

“என்ன படிப்பு தாயி அது, ஊருவிட்டு ஊரு போய்ப் படிக்கிறது?” என்று ஒருநாள் கேட்டார்.

பூச்சி, தவளை, மீன் இவற்றின் உடம்புக்குள் என்னென்ன இருக்கின்றன என்று அறுத்துப் பார்க்கிற படிப்பு என்றேன். இந்தப் பருவத்தில் மீன் என்றேன்.

 அவர் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். “அடி ஆத்தி! மீனப் படிக்க மதுரைக்கா போற? கடலு இங்கனல்ல கெடக்கு!”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்லப்போனால் இன்றைக்கும் தெரியாது. ஏனென்றால் மதுரை ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு அறுக்கக் கொடுத்த சுறாக்குட்டிகளை ஐஸ் போட்டு அனுப்பியது பாம்பன். “நேத்து வந்த பாம்பன் சரக்கு” என்றுதான் அங்கிருந்த உதவியாளர் வாளியை இறக்குவார். அந்தச் சுறாவும் நானும் ஒரே தண்டவாளத்தில் மதுரைக்குப் போனோம். அதற்கு உட்கார இடம் தேவைப்படவில்லை என்பதுதான் வித்தியாசம்.

மதுரை ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்கு ஒரு வேலை உண்டு. கூடை நிறைந்த கனம். தலைக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். “ஒரு கை குடு தாயி” என்பார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தூக்கி வைத்ததும் கழுத்தை ஒருதரம் அசைத்துச் சரிசெய்துகொண்டு, கையை வீசி நடந்துவிடுவார். எனக்கு முதுகில் பிடித்துக்கொள்ளும். அதுதான் நான் கொடுத்த ஒரே கூலி.

இரண்டாம் வருஷம்வரை இது தடையில்லாமல் நடந்தது. பிறகு ஒருநாள் ஆய்வுக்கூடத்தில், மதுரைக் கல்லூரி மாணவிகள் இரண்டுபேர் பக்கத்து மேஜையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி என் பக்கம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தாவணி நுனியால் மூக்கைப் பொத்தினாள்.

“என்னடி, கருவாட்டுக் கடை நடந்து வந்திருக்கா?”

மற்றவள் சிரித்தாள். அவர்கள் முன்னால் வயிற்றைக் கிழித்து மல்லாத்திப் போட்ட சுறா கிடந்தது. கையெல்லாம் மீன்சாறு. அந்தக் கையோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அன்று எனக்குக் கோபம் வந்தது, அதுவும் அந்த இரண்டு பெண்கள்மேல் இல்லை. பெரியாத்தாமேல் வந்தது. மனசு அப்படித்தான், அடித்தவரை விட்டுவிட்டு அருகில் இருப்பவரைக் கடிக்கும்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரின் மனைவி சனிக்கிழமைதோறும் மதுரையில் தாய்வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். ராமநாதபுரத்தில் வேலையாக இருந்து அங்கேயே ஏறிவரும் அவருடைய அண்ணன், முன்பெட்டியில் அவருக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருப்பார். பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் தருவதாக டாக்டர் மனைவி சொன்னார். மல்லிகைப்பூவும் பவுடரும் மணக்கிற இடம். மாமா எட்டிப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டினார்.

அந்த முதல் சனிக்கிழமை, நான் முன்பெட்டியை நோக்கி நடக்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

“ஏத்தா! இங்கன! எடம் போட்டிருக்கு!”

கேட்காததுபோல் நடந்தேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். நான் நடையைக் கூட்டினேன். மதுரையில் இறங்கியபோது, பிளாட்பாரத்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் “ஒரு கை குடுங்கய்யா, ஒரு கை குடுங்கய்யா” என்று கேட்டுக்கொண்டு அவர் கூடைக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன். வேட்டி கறைபட்டுவிடும் என்று ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். நானும் போனேன். இதுதான் நான் சொன்ன இன்னொரு வெட்கம்.

அடுத்த வாரம் அவர் கூப்பிடவில்லை. ஆனால் வண்டி நிற்கும்போது கடைசிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். சிவப்புத்துணி பலகையில் விரித்தபடி இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. எனக்குப் போட்டதா, வேறு யாருக்காவது போட்டதா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

மூன்றாம் வருஷம் மாசி மாதம் டாக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆயிற்று. முன்பெட்டி இடமும் அவரோடு போயிற்று. செய்முறை வகுப்பில் கடைசிச் சனிக்கிழமை அது. இதற்குள் ஒரு தரம் காய்ச்சலில் இன்னொரு வகுப்பும் போயிருந்தது. இதுவும் தவறினால் மூன்று. வண்டி வந்தது. மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெட்டிக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். துணி விரித்திருந்தது.  பெரியாத்தா அதை எடுத்து உதறி மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

வண்டி மானாமதுரையைத் தாண்டியது. பெரியாத்தா இடுப்பு முடிச்சிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

“எறங்குறதுக்கு முந்தி கையிலயும் கழுத்துலயும் தேச்சுக்க. வாடை நிக்காது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு யாரு சொன்னா பெரியாத்தா?”

“முப்பது வருசமா இந்த வாடையோட போறேன். போற ஆளு எதுக்குப் போகுதுன்னு தெரியாதா? வந்தாத் தரலாம்னு ஒரு பழத்த வச்சிருந்தேன். நீ வரல. காயக் காய மாத்திக்கிட்டே வந்தேன்.”

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் பேச்சில் கிடையாது. அதற்கு எங்களிடம் வார்த்தையும் இல்லை. “இன்னைக்கிக் கூடைய நான் தூக்கிவிடுறேன் பெரியாத்தா” என்றேன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். “நீதேன் தூக்கணும்” என்றார். அதோடு தீர்ந்தது.

இறங்கும்போது, “அடுத்த சனிக்கிழமை எடம் போடவா?” என்று கேட்டார்.

“வேணாம் பெரியாத்தா. வகுப்பு முடிஞ்சிருச்சு. புதன்கிழமை இங்கன பரீட்சை. அதோட சரி.”

“புதன்கிழமையா?” என்றார்.  அவர் வருவது செவ்வாயும் சனியும் என்று எனக்குத் தெரியாதா? அதனால் வரச்சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை சிவராத்திரிக்கு மறுநாளாக வந்து வாய்த்தது. ராமேசுவரத்தில் கண்விழித்த கூட்டம் முழுதும் காலை வண்டியில் மதுரைக்குத் திரும்பியது. வாசற்படியில் ஆள், ஜன்னலில் கால். எங்கள் வகுப்புப் பையன்கள் ஏழுபேரும் எங்கெங்கோ தொற்றிக்கொண்டார்கள். நான் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஓடினேன். மாமா பின்னாலேயே வந்தார்.

“திரும்பிருவோம் பாப்பா. ஏறவே வழியில்ல, உக்காரவா போற?”

“மாமா, இன்னைக்குப் போகலைன்னா மூணு வருசமும் போச்சு.”

“எனக்குத் தெரியாமயா சொல்றேன்? இந்தக் கூட்டத்துல நின்னுக்கிட்டுப் போகவிட்டேன்னு தெரிஞ்சா உங்கய்யா என் வாசப்படி மிதிக்க மாட்டாரு.”

அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. விதி என்றால் விதி என்கிற மனிதர், சைக்கிள் மணியை எதற்கென்று தெரியாமல் அடித்துக்கொண்டே நின்றார். கார்டு பச்சைக்கொடியை எடுத்தார்.

அப்போது கடைசிப் பெட்டி ஜன்னலில் சிவப்பாக ஒன்று ஆடியது.

“ஏத்தா! இங்கன! இங்கன வா!”

ஓடினேன். வாசலில் நின்ற ஆண்களை அவர் உள்ளிருந்தே திட்டி ஒதுக்கினார். யாரோ ஒரு யாத்ரீகர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அந்த நெரிசலில், ஆள்மேல் ஆளாக நிற்கிற அந்தப் பெட்டியில், ஜன்னலோரம் ஒரு பலகையில் கூடை, அதற்குப் பக்கத்தில் அவர், அவருக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார வெறும் இடம். மாமா வண்டியோடு கூடவே ஓடிவந்து எட்டிப் பார்த்தார். நான் உட்கார்ந்ததும் தலையாட்டினார். பிளாட்பாரம் முடியும்வரை தலையாட்டிக்கொண்டே வந்தார்.

மதுரைவரை பெரியாத்தா வழக்கம்போல் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் புத்தகம் விரிக்க மடியில் இடம் பண்ணிக் கொடுத்தார். இறங்கும்போது எலுமிச்சம்பழமும் தந்தார். பிளாட்பாரத்தில் கூட்டம் கொஞ்சம் கலைந்தது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்து வழக்கமான பலத்தோடு தூக்கினேன்.

கூடை பூமாதிரி மேலே வந்துவிட்டது. நான் பின்னால் சாயப் பார்த்தேன். சாக்கு நழுவியது. உள்ளே ஒன்றும் இல்லை.

“என்ன பெரியாத்தா, வெறுங்கூடை?”

“சரக்கு நேத்தே வித்துப்போச்சுல்ல.”

“அப்ப இன்னைக்கி எதுக்கு வந்தீக?”

என் அறியாமைக்கு வருத்தப்படுகிறவர்போல் பார்த்தார். “பரீச்சைன்னு சொன்னேல்ல? சிவராத்திரிக் கூட்டம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.”

“அதுக்குக் கூடை எதுக்கு?”

“நல்லாக் கேட்ட போ! வெறும் ஆளா வந்து உக்காந்தா எனக்கு எவன் எடம் விடுவான்? கூடை இருந்தாத்தேன் விலகுவாக. வாடை, சரக்கு போனாலும் போகாது தாயி.”

நான் அங்கேயே நின்று அழுதேன். ஸ்டேஷன் என்றும் பார்க்கவில்லை, பையன்கள் பார்க்கிறார்களே என்றும் பார்க்கவில்லை. “அட, இது என்ன கூத்து? மீனு காத்துக்கிட்டு கெடக்கு, போ, போ” என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். அன்று எலுமிச்சம்பழத்தை நான் தேய்த்துக்கொள்ளவில்லை. கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு பரீட்சை செய்தேன். சுறாவின் நரம்புகளை ஒன்றுகூட அறுபடாமல் எடுத்துக் காட்டினேன்.

வைகாசியில் முடிவு வந்தது. தேறிவிட்டேன். அய்யா அந்த வருஷத்து மிளகாய் வற்றலில் நல்லதாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் கடைசிப் பெட்டி நிற்கிற இடத்தில், அய்யாவும் மாமாவும் நானும் நின்றோம். வண்டி இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அய்யா ஜன்னல் வழியாகப் பையை நீட்டினார். 

“எம்மகளுக்கு எடம் வாங்கிக் குடுத்தீக. அது இன்னைக்கிப் பட்டதாரி ஆயிருச்சு. இந்த உதவிய எங்க குடும்பம் மறக்காது.”

“அட, இதுக்குப் போயி! எடந்தானே. எனக்கு அது வழக்கந்தேன்” என்றார் அவர், வற்றலை முகர்ந்து பார்த்துக்கொண்டே.

“இன்னொண்ணு கேட்டுக்கிறேன். அடுத்து இதுக்கு வேலைக்கும் ஒரு எடம் நீங்கதேன் பாக்கணும்.”

“பாத்துட்டாப் போச்சு. எந்த ஊருக்குப் போகணும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க.”

அய்யா திரும்பி மாமாவைப் பெருமையோடு பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். இப்போதாவது அய்யாவுக்கு உள்ளதைச் சொல்லித் திருத்திவிடுவோம் என்று நான் வாயெடுத்தேன். கல்லூரி இடத்தைப் பற்றி அவர் பேசுகிறார், ரயில் இடத்தைப் பற்றி இவர் பேசுகிறார் என்று சொல்ல வேண்டும். சொல்ல வந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இருவரும் பேசிக்கொண்டிருந்தது ஒரே இடத்தைப் பற்றித்தான். மூன்று வருஷமாக விளங்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

வாயை மூடிக்கொண்டேன். வண்டி ஊதிவிட்டு நகர்ந்தது. பெரியாத்தா மிளகாய்ப் பையைக் கூடைமேல் வைத்தார். மடியிலிருந்து சிவப்புத்துணியை எடுத்து உதறி, நான் உட்காரும் ஜன்னலோரத்தில் நன்றாக இழுத்து விரித்தார். பரமக்குடியில் யாராவது ஏறுவார்கள்.